மலையகத்திலிருந்து ஜப்பான் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: மீற்றர் மோசடியில் சிக்காமலிருக்க ஒரு வழிகாட்டி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருப்பவர் ஜப்பான் கார் வாங்குவதென்றால் பெரும்பாலும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கண்டி, குருநாகல், கடவத்தை, மாலபே என்று கார் சேல்கள் வரிசையாக இருக்கும் இடங்கள் எல்லாமே நமக்குத் தூரம். ஒரு நாள் லீவு போட்டு, வான் பிடித்து, தெரிந்த மெக்கானிக் பாஸையும் கூட்டிக்கொண்டு போய் நின்ற பிறகு வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் வராது. விற்கிறவருக்கும் இது தெரியும். "நுவரெலியாவுல இருந்தா வந்தீங்க? அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவங்களுக்கு நான் பொய் சொல்வேனா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கார்தான் நாங்கள் பார்த்தவற்றிலேயே மோசம்.

மச்சானுக்கு ஒரு கார் தேடி இறங்கியபோது பட்ட அலைச்சலில், ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டும் மீற்றர் மோசடியைப் பற்றித் தெரிந்துகொண்டதைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்: காரின் உடம்பில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் இலக்கம் கைக்கு வரும்வரை விலை பேசாதீர்கள். அந்த இலக்கத்தைக் கொடுத்து நீங்களே எடுக்கும் ஜப்பான் ஏலத் தாளைத்தான் நம்பலாம். விற்கிறவர் நீட்டுவது எவ்வளவு அழகாக லெமினேட் செய்யப்பட்டிருந்தாலும் கடதாசிதான்.

1. பதிந்த காரா, பதியாத காரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டுக்கும் சோதனை வேறு. பதியாத கார் கப்பலில் வந்திறங்கி, இன்னும் இலங்கை இலக்கத் தகடு போடாதது. அதன் சரித்திரம் முழுவதும் ஜப்பானில் இருக்கிறது. ஆதாரத்தையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

பதிந்த கார் இங்கே ஓடியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் சந்தையில் இருக்கும் பழைய வேகன் ஆர், அக்வா, ஃபிட், வெசல் எல்லாம் வருடக்கணக்காக நம்முடைய வீதிகளிலேயே ஓடியவை. ஜப்பான் தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அது கார் இங்கே வந்த நாள் வரைக்கும்தான் பேசும். அதற்குப் பிறகு ஓடியதற்கு வேறு தடயம் தேட வேண்டும்.

மீற்றரில் கை வைப்பது எங்கே நடக்கிறது? ஜப்பானில் ஏலத்துக்கு வரும் காரை முந்தைய ஏலப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள், அதனால் அங்கே குறைத்து வைத்தால் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இங்கே வந்த பிறகு ஒப்பிட ஆளில்லை. என் கணிப்பில் வேலை நடப்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான். டிஜிட்டல் மீற்றரை மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். எண் இருப்பது ஒரு சின்ன மெமரி சிப்பில். மடிக்கணினியும் ஒரு வயரும் இருந்தால் கொஞ்ச நேரத்து வேலை.

2. வீட்டிலிருந்தே சேசிஸ் இலக்கத்தைக் கேளுங்கள்

கீழே இறங்குவதற்கு முன்பே வட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ கேளுங்கள். ஒன்று, காரின் உடம்பில் பொறித்திருக்கும் சேசிஸ் இலக்கம். இன்னொன்று, எஞ்சின் ஓடும் நிலையில் மீற்றர். விளம்பரத்தில் எழுதிய இலக்கம் போதாது, பொறித்த இடத்தின் படம்தான் வேண்டும்.

ஜப்பானில் விற்கப்பட்ட கார்களில் இந்த இலக்கம் சின்னதாகத்தான் இருக்கும். மொடல் குறி, ஒரு சிறு கோடு, பிறகு வரிசை எண். வேகன் ஆர் என்றால் "எம்எச்55எஸ்" மாதிரி ஆரம்பிக்கும். பொறிக்கும் இடம் மொடலுக்கு மொடல் மாறும். சிலவற்றில் எஞ்சின் அறையின் பின்சுவரில், சிலவற்றில் முன் இருக்கைக்குக் கீழே தரைவிரிப்பைத் தூக்கினால் தெரியும்.

"வந்து பாருங்க, எல்லாம் காட்டுறேன்", "போன்ல அதெல்லாம் குடுக்க மாட்டோம்" என்கிறவர்களிடம் போகவே வேண்டாம். மறைக்க ஒன்றுமில்லாத வியாபாரி ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். இந்த ஒரு கேள்வியே பட்டியலில் பாதியைக் கழித்துவிடும். பஸ் காசும் மிச்சம்.

நேரில் போகும் நாளில், அனுப்பிய இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றுதானா என்று மறுபடி பாருங்கள். நல்ல கார் ஒன்றின் இலக்கத்தை அனுப்பிவிட்டு அதே நிறத்தில் வேறொன்றைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

3. ஒக்ஷன் ஷீட்டை நீங்களே எடுங்கள்

இங்கே வரும் ஜப்பான் பாவித்த கார்களில் பெரும்பகுதி அங்கே ஏலத்தில் வாங்கியவை. யூஎஸ்எஸ், டிஏஏ, ஜேயூ, சிஏஏ என்று ஏல நிறுவனங்கள் பல. ஒவ்வொரு காரையும் அவர்களுடைய பரிசோதகர் பார்த்து ஒரு பக்கத் தாள் எழுதுவார். அதுதான் ஒக்ஷன் ஷீட்.

சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் அந்தத் தாளையும், பல நேரங்களில் ஏல நாளில் எடுத்த படங்களையும் தரும் இணையச் சேவைகள் உண்டு. கட்டணம் ஒரு காருக்குச் சில ஆயிரம் ரூபா. சிலவற்றில் உடனே வரும், சிலவற்றில் ஒரு நாள் எடுக்கும். கார்ட் இல்லாதவர்கள் உள்ளூர் முகவர் மூலம் எடுக்கலாம். ஆனால் அந்த முகவர் கார் சேல்காரர் சிபாரிசு செய்தவராக இருக்கக்கூடாது. "நானே எடுத்துத் தர்றேன் அண்ணே, உங்களுக்கு எதுக்குச் செலவு" என்ற அன்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

தாள் வந்தவுடன் இப்படிப் பாருங்கள்.

ஓடிய தூரம். ஜப்பானிய மொழியில் "சோகோ கியோரி" என்ற தலைப்புள்ள கட்டம். எண் கையால் எழுதியதாகவோ அச்சிட்டதாகவோ இருக்கும். இப்போதைய மீற்றர் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏல யார்டிலிருந்து துறைமுகம், இங்கே அம்பாந்தோட்டையில் இறக்கினால் அங்கிருந்து கொழும்புப் பக்கம் என்று கார் ஓடியிருக்கும் அல்லவா. பதியாத காரில் சில நூறு கிலோமீற்றர் கூடியிருப்பது இயல்பு. தாளில் இருப்பதைவிட ஒரு கிலோமீற்றர் குறைந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள குறி. டொலர் குறி இருந்தால் மீற்றர் மாற்றப்பட்டிருக்கிறது. நட்சத்திரக் குறியோ ஹாஷ் குறியோ இருந்தால் எண்ணை நம்பமுடியாது என்று ஏல நிறுவனமே சொல்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் குறி கொஞ்சம் மாறும் என்பதால், எந்த ஏலம் என்று பார்த்து அதன் குறி விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். சந்தேகமாக ஏதாவது குறி இருந்தால் விளக்கம் கிடைக்கும்வரை காசு கொடுக்காதீர்கள்.

தரம். 5, 4.5, 4, 3.5 என்று போகும். ஆர் அல்லது ஆர்ஏ என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. தரத்துக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பு உண்டு. பொதுவாக 5 என்றால் 50,000 கிலோமீற்றருக்கு உட்பட்டது, 4.5 என்றால் ஒரு இலட்சத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மறுபக்கமாகவும் யோசியுங்கள். மீற்றர் 15,000 காட்டுகிறது, ஆனால் தரம் 3.5, உட்புறத்துக்குத் தனியாகப் போடும் எழுத்துத் தரம் சி என்றால் அவ்வளவு சின்ன ஓட்டத்தில் கார் எப்படி அப்படிக் கெட்டது?

ஏலத் திகதி, ஏல எண்ணிக்கை. ஒரே கார் இரண்டு முறை ஏலத்துக்கு வந்திருக்கலாம். எல்லாத் தாள்களையும் எடுங்கள். முதல் ஏலத்தை விட இரண்டாவதில் எண் குறைந்திருந்தால் சொல்லத் தேவையில்லை.

விற்கிறவர் காட்டும் தாளையும் படம் எடுத்துக்கொண்டு, நீங்கள் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் கண்ட ஒன்றில் 37,000 என்று இருந்தது. போட்டோகொப்பி என்றார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மற்ற எண்கள் எல்லாம் பேனை அழுத்தத்தில் கொஞ்சம் மங்கலாக இருக்க, அந்த 3 மட்டும் கறுப்பாக, கூர்மையாக, இடது பக்கம் வெட்டினாற்போல நின்றது. அதற்குக் கீழே கட்டத்தின் கோடு ஒரு மயிரிழை அறுந்திருந்தது. இணையத்தில் எடுத்த தாளில் அதே இடத்தில் 8. அரை இலட்சம் கிலோமீற்றர் ஒரு அழிப்பில் போயிருக்கிறது.

மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த ஷீட்டை மட்டும் காட்டுவது இன்னொரு தந்திரம். பரிசோதகர் கையால் எழுதும் குறிப்புகள்தான் தாளின் உயிர், மொழிபெயர்ப்பில் அவை காணாமல் போகும். ஜப்பானிய மூலத்தையே கேளுங்கள். போன் கமெராவை அதன் மேல் பிடித்தால் ஓரளவுக்கு விளங்கும் மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது.

தாள் கிடைக்கவில்லை என்றால்? ஏலத்துக்குப் போகாமல் கடைக்குக் கடை கைமாறிய கார்களும் உண்டு. தாள் இல்லாததே மோசடிக்கு ஆதாரமாகாது. ஆனால் தாள் இல்லாத காருக்குத் தாளுள்ள காரின் விலையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

4. ஏற்றுமதிச் சான்றிதழும் மற்றக் கடதாசிகளும்

ஜப்பானில் பதிவை நீக்கி ஏற்றுமதிக்கு அனுமதிக்கும் சான்றிதழ் ஒவ்வொரு காரோடும் வரும். அதில் முதற்பதிவு நடந்த வருடம், மாதம், சேசிஸ் இலக்கம் இருக்கும். அங்குள்ள கட்டாயப் பரிசோதனையான ஷாக்கென் நேரத்தில் பதிந்த ஓட்ட எண்ணும் அதில் வரும்.

இங்கே ஒரு பொறி. புதிய காருக்கு முதல் ஷாக்கென் 3 வருடம் கழித்துத்தான், பிறகு 2 வருடத்துக்கு ஒரு முறை. இலங்கைக்கு வரும் கார்களோ வயதெல்லை காரணமாக அநேகமாக முதல் ஷாக்கெனைக் காணாமலேயே கப்பலேறுகின்றன. அதனால் அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். "சேர்ட்டிபிகேட்ல பிரச்சினை ஒண்ணும் இல்லையே" என்று விற்கிறவர் சொன்னால், ஓட்டத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் அர்த்தம். எண் இருந்தால் பெரிய பலம், ஒக்ஷன் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

வருடங்கள் ஜப்பானிய முறையில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். ரெய்வா என்றால் 2018ஐக் கூட்டுங்கள். ரெய்வா 4 என்றால் 2022. பழைய கார்களில் ஹெய்செய் வரும், அதற்கு 1988ஐக் கூட்ட வேண்டும்.

சுங்கக் கடதாசியை நீட்டி "கஸ்டம்ஸே பார்த்துவிட்டது" என்பார்கள். சுங்க வரி எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள் வகை, வயது, பெறுமதி இவற்றை வைத்துப் போடுவது. மீற்றருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

5. பதிந்த கார் என்றால் இலங்கைத் தடயத்தைச் சேருங்கள்

இது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஒரு கொப்பியில் இரண்டு பத்தி போடுங்கள்: திகதி, கிலோமீற்றர். முதல் வரி ஒக்ஷன் ஷீட், கடைசி வரி இன்றைய மீற்றர். நடுவில் எத்தனை வரி நிரப்ப முடிகிறதோ அவ்வளவுக்கு நீங்கள் பாதுகாப்பு.

நிரப்ப உதவுபவை: முகவர் நிலையத்திலோ கணினிப் பதிவு வைத்திருக்கும் சேர்விஸ் நிலையத்திலோ செய்த சேர்விஸ் பில்கள், டயர் மற்றும் பற்றரி மாற்றிய பில்கள், வருமான உத்தரவுப் பத்திரம் புதுப்பிக்க எடுத்த வருடாந்தப் புகைப் பரிசோதனைத் துண்டுகளில் கிலோமீற்றர் பதிந்திருந்தால் அவை, காப்புறுதிக் கம்பனி எடுத்த படங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார் எப்போதாவது இடிபட்டு கிளெய்ம் போட்டிருந்தால் மதிப்பீட்டாளர் அநேகமாக மீற்றரையும் படம் எடுத்திருப்பார்.

சேர்விஸ் நிலையத்தில் பழைய விபரம் கேட்பதற்கு உரிமையாளர் கூட இருக்க வேண்டும், அல்லது அவர் போனில் சொல்ல வேண்டும். உரிமையாளரையே காணவில்லை என்றால் கவனம். கார் நாலு கை மாறியும் பதிவுப் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும், "ஓப்பன் பேப்பர்" என்பார்கள். அப்படி ஒரு காரில் நடுவில் இருந்த மூன்று பேர் எவ்வளவு ஓடினார்கள் என்று யாரிடம் கேட்பீர்கள்? பதிவுப் புத்தகத்தில் இருப்பவருக்கு ஒரு போன் போட்டு, "நீங்கள் விற்கும்போது எவ்வளவு ஓடியிருந்தது?" என்று கேளுங்கள். சாதாரண மனிதர்கள் இதற்கு உண்மையான பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு இனி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

மலையகத்துக் கார்களுக்கு ஒரு விசேஷம். இங்கே ஓடிய கார் கிலோமீற்றரில் குறைவாகக் காட்டினாலும் தேய்மானத்தில் கூடுதலாக இருக்கும். கினிகத்தேனைப் பக்கத்து ஏற்றத்திலும் ரம்பொடை வளைவுகளிலும் தோட்டப் பாதைகளிலும் ஓடிய 40,000, அதிவேகப் பாதையில் ஓடிய 40,000 ஆகாது. ஆகவே தலவாக்கலைக் காரொன்றின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தேய்ந்திருப்பதை வைத்து மட்டும் மீற்றரைக் குறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். கொப்பியில் உள்ள வரிகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

6. காரைத் திறந்து பாருங்கள்

பகலில் போங்கள். மழையில் வேண்டாம், மாலை விளக்கு வெளிச்சத்தில் வேண்டவே வேண்டாம்.

முதலில் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணைப் பாருங்கள். ஜப்பான் கராஜ்கள் எண்ணெய் மாற்றினால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், எஞ்சின் அறையிலும் இருக்கலாம். திகதியும், அடுத்த மாற்றத்துக்கான கிலோமீற்றரும் இருக்கும். மீற்றரைக் குறைக்கிறவர்கள் இதைக் கிழிக்க மறப்பது ஆச்சரியம்தான், ஆனால் மறக்கிறார்கள். 41,000 காட்டிய அக்வா ஒன்றின் தூணில் ரெய்வா 5 என்ற திகதியோடு அடுத்த மாற்றம் 68,000 என்று நீல மையில் எழுதியிருந்தது. யார்டில் நின்ற பையனிடம் காட்டினோம். குனிந்து பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான், "அது வேற கார்ட ஸ்டிக்கர்" என்றான். ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டு பசை மட்டும் சதுரமாகத் தெரிந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் குளோவ் பொக்ஸ். ஜப்பான் காரோடு பராமரிப்புப் பதிவுப் புத்தகம் ஒன்று வரும், ஒவ்வொரு சோதனையிலும் ஓட்டம் எழுதியிருக்கும். அது இருந்தால் நல்ல அறிகுறி. பாவனைக் கைநூல், வானொலிக் கைநூல் எல்லாம் இருந்து இது மட்டும் இல்லையென்றால் எனக்கு நெருடும்.

டயர். ஓரத்தில் நாலு இலக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். 18,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் மூன்று வருடக் காரில் கம்பனி டயர்களே இருக்க வேண்டும். நான்கும் புதிது, அல்லது நான்கும் நான்கு வருடத்தவை என்றால் முதல் செட் எங்கே போனது?

கைபடும் இடங்கள்: ஸ்டியரிங்கின் மேல் பகுதி, கியர் நொப், பிரேக் மிதியின் ரப்பர், சாரதி இருக்கையின் கதவுப் பக்க ஓரம், கண்ணாடி இறக்கும் பொத்தான். சீட் கவர் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். இருக்கை தேய்ந்திருந்து மிதி ரப்பர் மட்டும் பளபளப்பாக இருந்தால் அதை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் இது எல்லாம் துணை ஆதாரம்தான். நல்ல யார்டுகள் காரை அப்படித் துடைத்து வைக்கும், 90,000 ஓடியதும் 20,000 மாதிரித் தெரியும்.

7. ஸ்கேன் போடுங்கள்

காருக்குள் ஓட்ட எண் இருப்பது மீற்றரில் மட்டுமல்ல. மொடலைப் பொறுத்து ஏபிஎஸ், கியர், ஹைபிரிட் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் எண்ணோ அதன் தடயமோ பதிந்திருக்கும். மீற்றரை மட்டும் குறைத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள். அந்தப் பெட்டிகளை வாசிக்கும், அந்த மொடலுக்குப் பொருந்தும் நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கண்டியில் இப்படியானவர்கள் இருக்கிறார்கள், யார்டுக்கே வந்து பார்ப்பார்கள். வேலை அரை மணித்தியாலம்.

பாஸிடம் குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: "கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்" எவ்வளவு? கோட் என்பது காரின் கணினி பதிந்து வைக்கும் பிழைக் குறி. பெரும்பாலான நவீன கார்களில் சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே இது வரும். மீற்றர் 30,000 காட்ட, இது 52,000 காட்டினால் வாதத்துக்கே இடமில்லை. இந்த எண் 65,535இல் நின்றுவிடும், அதற்கு மேல் எண்ணாது. மறுதலையாக, நேற்றுத்தான் அழித்ததுபோல 3 கிலோமீற்றர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஸ்கேனர் போட்டிருக்கிறார்கள். காரணம் சாதாரணமானதாகவும் இருக்கலாம், ஆனால் கேளுங்கள்.

ஸ்கேனும் முழுமையான கவசமில்லை. ஓட்டத்தை எண்ணவிடாமல் தடுக்கும் சின்னக் கருவிகளை மீற்றருக்குப் பின்னால் பொருத்தி ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஓடிய காரில் எல்லாப் பெட்டிகளும் ஒரே பொய்யைச் சொல்லக்கூடும். அதனால்தான் 3ஆம், 5ஆம் படிகளை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யாதீர்கள் என்கிறேன்.

8. ஏற்றத்தில் ஓட்டுங்கள்

யார்டைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. கண்டியில் பார்க்கிறீர்கள் என்றால் ஹந்தானைப் பக்கமோ கடுகண்ணாவைப் பக்கமோ ஏற்றிப் பாருங்கள். நாளை நீங்கள் ஓட்டப் போவது அப்படியான பாதையில்தானே. ஹைபிரிட் காரில் பற்றரிக் கட்டங்களைக் கவனியுங்கள். சின்ன ஏற்றத்திலேயே சரசரவென்று இறங்கி, இறக்கத்தில் அதே வேகத்தில் நிரம்பினால் பற்றரி களைத்துவிட்டது. குறைந்த ஓட்டக் காரில் அது நடக்கக்கூடாது.

9. காசும் எழுத்தும்

சோதனைக்கென்று தனியாக 25,000 ரூபா அளவில் ஒதுக்கி வையுங்கள். இரண்டு மூன்று காரின் ஒக்ஷன் ஷீட், பாஸின் கூலி, ஸ்கேன், போக்குவரத்து எல்லாம் இதில் அடங்க வேண்டும். கார் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, ஆனால் கையிலிருந்து போகும்போது மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் செலவழியுங்கள்.

அட்வான்ஸ் எப்போது? ஷீட், இலக்கம், ஸ்கேன் மூன்றும் பொருந்திய பிறகுதான். "குருநாகல்ல இருந்து இன்னொரு பார்ட்டி வந்துகிட்டிருக்காங்க" என்பது எல்லா யார்டிலும் சொல்லும் வசனம். வரட்டும்.

லீசிங் எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். லீசிங் கம்பனிக்காகச் செய்யும் மதிப்பீட்டு அறிக்கையில் கிலோமீற்றர் எழுதியிருக்கும். அது மதிப்பீட்டாளர் மீற்றரைப் பார்த்து எழுதிய எண், சோதித்து உறுதிப்படுத்திய எண் அல்ல. அதை ஓட்டத்துக்கு ஆதாரமாக யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம்.

விற்பனைப் பத்திரத்தில் கீழ்வரும் விபரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: சேசிஸ் இலக்கம், இன்றைய மீற்றர் வாசிப்பு, "இந்த ஓட்டம் உண்மையானது என்று விற்பவர் உறுதியளிக்கிறார், பிழையென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்" என்ற வசனம், விற்பவரின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். ஒக்ஷன் ஷீட்டின் பிரதியிலும் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பல யார்டுகளின் அச்சிட்ட ரசீதில் "உள்ளது உள்ளபடி" விற்பதாக ஒரு வரி ஏற்கெனவே இருக்கும், அதை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பத்திரம் சிங்களத்தில் மட்டும் இருந்து, உங்களுக்கு வாசிக்க முடியாவிட்டால், படம் எடுத்து அனுப்பி யாரிடமாவது வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "சும்மா ஃபோர்ம்தான்" என்று அவசரப்படுத்துவார்கள். அரை மணித்தியாலம் காத்திருக்கட்டும். பதிந்த கார் என்றால் உரிமை மாற்றத்தை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்குச் செய்துகொள்ளுங்கள். நீங்களும் ஓப்பன் பேப்பரில் வைத்திருந்தால் பிறகு முறைப்பாட்டுக்குப் போகவே கால் கூசும்.

நேரடியாக ஜப்பானிலிருந்து தருவிப்பவர்கள், ஏலத்தில் கேட்பதற்கு முன்பே மூல ஷீட்டைக் கேளுங்கள். கார் வாங்கிய பிறகு அனுப்பும் ஷீட்டால் பயனில்லை. கப்பல் வந்தவுடன் மீற்றரைப் படம் எடுத்து அனுப்பும்படி இறக்குமதிக்காரரிடம் எழுத்தில் சொல்லி வையுங்கள், துறைமுகத்திலிருந்து வீடு வரும் இடைவெளியும் ஒரு இடைவெளிதான்.

10. வாங்கிய பிறகு தெரிய வந்தால்

முதலில் காரை ஓட்டுவதைக் குறையுங்கள், மீற்றரை அன்றைக்கே படம் எடுங்கள். நீங்களாக எதையும் திருத்தவோ அழிக்கவோ வேண்டாம். இணையத்தில் எடுத்த ஒக்ஷன் ஷீட், ஸ்கேன் அறிக்கை, விற்பனைப் பத்திரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேருங்கள். விளம்பரம் அடுத்த நாளே காணாமல் போய்விடும் என்பதால், கார் பார்க்கப் போகும் நாளிலேயே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வியாபாரிகள் பிழையான தகவல் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. துரித இலக்கம் 1977. ஆனால் போனில் சொன்னதோடு நிறுத்தாமல் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுங்கள், தமிழிலேயே எழுதலாம். விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "முதலாளி வெளிநாடு போயிருக்கார், அடுத்த மாசம் வந்து பார்ப்போம்" என்று இழுத்தடிப்பது இந்த மூன்று மாதத்தைத் தாண்ட வைக்கத்தான்.

தனியாள் ஒருவரிடம் வாங்கியிருந்தால் பொலிஸ் நிலையத்தில் ஏமாற்றுதல் முறைப்பாடு, அல்லது சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். பெரும்பாலும் கடிதம் போன கையோடு பேச வருவார்கள். அப்படிப் பேசி ஒரு தொகையைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டால், காசு கைக்கு வரும்வரை முறைப்பாட்டை வாபஸ் வாங்காதீர்கள். காசோலை கொடுத்தால் வங்கியில் மாறும்வரை.